கோட்டை வாயில் பலவீனமான இடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழில் இப்பொருளைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. அதற்கு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும் அக்கட்டுரை போகிற போக்கில் சொல்லிச் சென்ற இரண்டு செய்திகளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. கோட்டையில் எளிதில் வீழ்த்தக்கூடிய இடம் அதன் வாயில்தான் என்பது ஒன்று. வாயிலின் மேல் நின்ற காவலர்கள் கொதிக்கும் எண்ணெயைப் பகைவர் தலையில் ஊற்றினார்கள் என்பது மற்றொன்று. முதலாவது ஒரு காலம் வரை உண்மையாக இருந்து, பின்னர் முற்றிலும் தலைகீழாக மாறிப்போன செய்தி. இரண்டாவது, கதைகள் வழியே பரவி நிலைத்துவிட்ட நம்பிக்கை. கட்டுமானத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது வடக்கு இங்கிலாந்தில் பிள்ளைகளோடு வசிக்கும் எனக்கு, அந்தக் கட்டடங்களை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதால் இதை எழுதுகிறேன்.

மதில் என்பது ஒரே ஒரு வேலையைச் செய்தால் போதும். வெளியில் இருப்பவனை வெளியிலேயே நிறுத்த வேண்டும். வாயிலுக்கோ ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். பகலெல்லாம் வண்டியும் குதிரையும் தானிய மூட்டையும் தடையின்றி உள்ளே வர வேண்டும். ஆபத்து என்று குரல் எழுந்த அடுத்த நொடியில் அதே வழி மதிலைவிட உறுதியாக அடைபட வேண்டும். இடைக்காலக் கட்டடக் கலைஞர்கள் இந்த முரணைத் தீர்ப்பதற்குச் செலவிட்ட அறிவும் பணமும் கோட்டையின் வேறெந்தப் பகுதிக்கும் செலவிடப்படவில்லை என்றே சொல்வேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் பெரும்பாலான கோட்டை வாயில்கள் எளிய அமைப்புடையவை. மதிலில் ஒரு திறப்பு; அல்லது அடித்தளத்தில் வழி விட்டு எழுப்பிய ஒரு சதுரக் கோபுரம்; அதற்கு இரட்டை மரக்கதவு, குறுக்கே ஒரு கணையமரம். கோட்டையின் கடைசி அடைக்கலமாக உள்ளே நின்ற பெரிய நடுக்கோபுரத்தைத்தான் அக்காலத்தவர் நம்பினார்கள். தங்கள் கட்டுரையாளரின் கூற்று அந்தக் காலத்துக்குப் பொருந்தும்.

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது இங்கிலாந்தில் ஜான் மன்னனுக்கும் பிரபுக்களுக்கும் நடந்த போரில்தான். 1215இல் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்ட ஜான், அதன் நடுக்கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டச் செய்தான். சுரங்கத்தைத் தாங்கி நின்ற மர முட்டுகளைக் கொளுத்துவதற்காக, உண்பதற்கு உதவாத கொழுத்த பன்றிகள் நாற்பதை இரவு பகலாக விரைந்து அனுப்பும்படி தன் தலைமை அமைச்சர் ஹியூபர்ட் டி பர்குக்கு அவன் எழுதிய ஆணை இன்றும் ஆவணமாக இருக்கிறது. மூலை சரிந்தது. பிற்காலத்தில் அந்த ஒரு மூலையை மட்டும் வட்ட வடிவில் திருப்பிக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் சதுரமாகவே இருக்க, நான்காவது மட்டும் உருண்டு நிற்பதை இன்றும் காணலாம். சதுரக் கட்டடத்தின் மூலைக் கற்களைப் பெயர்த்துவிட்டால் இரு பக்கச் சுவர்களும் பிடிப்பை இழக்கும். வட்டச் சுவரில் அப்படிப் பெயர்க்க மூலையே கிடையாது. அதன் பிறகு எழுந்த பெரிய வாயில் கோபுரங்கள் பெரும்பாலும் முகப்பில் வளைந்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்று.

அடுத்த ஆண்டே, பன்றிகளை அனுப்பும்படி பணிக்கப்பட்ட அதே ஹியூபர்ட் டி பர்க், டோவர் கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கினார். பிரெஞ்சு இளவரசன் லூயியின் படை வடக்கு வாயிலைக் குறிவைத்தது. வாயிலுக்கு முன்னால் இருந்த மர அரணை முதலில் கைப்பற்றி, பின்பு வாயிலின் இரட்டைக் கோபுரங்களில் ஒன்றின் அடியில் சுரங்கம் தோண்டினார்கள். கோபுரம் இடிந்து விழுந்தது. உடைந்த இடத்தை உள்ளிருந்தவர்கள் மரங்களையும் விட்டங்களையும் அடுக்கி அடைத்துப் போரிட்டுக் கோட்டையைக் காத்தார்கள். அக்டோபரில் தற்காலிக உடன்படிக்கை ஏற்பட்டு முற்றுகை நின்றது. அதற்குப் பின் நடந்ததுதான் என் கடிதத்துக்கு முக்கியமானது. இடிந்த வாயிலை அதே இடத்தில் புதுப்பிக்காமல், கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டு, 1220களில் மேற்குப் பக்கத்தில், பகைவர் எளிதில் ஏறி வர முடியாத செங்குத்தான சரிவின் விளிம்பில், பல கோபுரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்த புதிய வாயில் ஒன்றைக் கட்டினார்கள். கோட்டைத் தலைவருக்கு உரிய வீடும் அந்த வாயிலிலேயே அமைந்தது. வாயில் பலவீனமானது என்றால் பொறுப்பாளரை அங்கே குடிவைத்திருப்பார்களா? இன்றும் அக்கோட்டையின் துணைத் தலைவருக்கு உரிய இல்லம் அந்த வாயிலில்தான் இருக்கிறது.

டோவரில் கற்ற பாடம் முழு வடிவம் பெற்றது வேல்ஸ் நாட்டில். கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு 1268இல் தொடங்கிய கேர்ஃபிலி கோட்டையிலும், முதலாம் எட்வர்ட் மன்னன் வடக்கு வேல்ஸை வென்றபின் 1283 முதல் எழுப்பிய கோட்டைகளிலும் அதைக் காண்கிறோம். எட்வர்டின் கோட்டைப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் சவாய் நாட்டிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர். இவற்றில் வாயிலைப் புரிந்துகொள்ள ஹார்லெக் கோட்டையே சிறந்த இடம் என்பது என் கருத்து. அங்கே தனியாக நடுக்கோபுரம் என்று எதுவும் இல்லை. அதன் இடத்தை வாயிலே எடுத்துக்கொண்டுவிட்டது. முகப்பில் இரண்டு அரைவட்டக் கோபுரங்கள் முன்னால் துருத்தி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே நீளமான, குறுகிய நடைவழி. கதவை நெருங்குகிறவன் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் அம்புக்கு இலக்காவான். கதவுக்கு முன்னால் நின்று கோடரியால் வெட்டுகிறவனுக்கு ஒதுங்கி நிற்க ஓர் அடி மறைவுகூடக் கிடையாது. நடைவழிக்குள் நுழைந்தாலும் மேலிருந்து இறங்கும் கிராதிக் கதவுகள் மூன்று, அவற்றுக்கு இடையே கனத்த இரட்டைக் கதவுகள் என்று தடை மேல் தடையாக வரும். அதே கட்டடத்தின் மேல்தளங்களில் கணப்பு அடுப்புகளும், முற்றத்தை நோக்கிய பெரிய சன்னல்களும் கொண்ட வசதியான அறைகள். கோட்டைத் தலைவரும், வந்து தங்கும் உயர்நிலை விருந்தினரும் இங்கேதான் இருந்தார்கள். வெளிப்பக்கம் வெறும் அம்புப் பிளவுகள், உட்பக்கம் வெளிச்சம் கொட்டும் சன்னல்கள் என்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு முகங்கள். மாஸ்டர் ஜேம்ஸே 1290 முதல் 1293 வரை அந்தக் கோட்டைக்குத் தலைவராக இருந்தார். தான் வடிவமைத்த வாயிலின் மேலேயே வாழும் பேறு அவருக்குக் கிடைத்தது. அக்கோட்டைக்கென விதிக்கப்பட்ட காவற்படையில் இருந்தவர்கள் மொத்தம் 36 பேர். குறுக்குவில் வீரர்கள் பத்துப் பேரும், பாதிரியாரும் கொல்லரும் தச்சரும் கல்தச்சரும் அதற்குள் அடக்கம். அத்தனை சிறிய குழு அவ்வளவு பெரிய கோட்டையைக் காக்க முடியும் என்று மன்னன் நம்பியதற்கு ஹார்லெக் நிற்கும் பாறையும் இந்த வாயிலும்தான் காரணம்.

கிராதிக் கதவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படங்களில் அது வெறும் அலங்காரம்போலக் காட்டப்படுகிறது. கெட்டியான ஓக் மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, கீழ் முனைகளுக்கு இரும்புப் பூண் இட்டு, நடைவழியின் இரு பக்கக் கல்லிலும் செதுக்கிய பள்ளங்களில் ஏறி இறங்கும்படி அதை மாட்டுவார்கள். தூக்கி நிறுத்தப் பலரது உழைப்பு வேண்டும். விடுவிக்க ஒருவன் போதும். கீல் வைத்த கதவைச் சாத்துவதற்குள் எதிரே ஓடி வருகிறவன் தோளைக் கொடுத்துத் தடுத்துவிடலாம். தன் எடையாலேயே விழுகிற கதவைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: தூக்கிய கதவு எங்கேயாவது போய் நிற்க வேண்டும் அல்லவா? அது மேல்மாடி அறையின் நடுவே வந்து நிற்கும். லண்டன் டவர் கோட்டையின் பைவார்ட் கோபுரத்தில் அப்படி ஓர் அறை இருக்கிறது. சுவரில் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டிய அழகிய சமய ஓவியம். அதே அறையில் கிராதிக் கதவும் அதை ஏற்றி இறக்கும் உருளைப் பொறியும். யார்க் நகரின் மங்க் பார் வாயிலிலும் கிராதிக் கதவை அதன் பொறியோடு பார்க்கலாம். அடியில் நின்று அண்ணாந்தால் இரும்புப் பூண் இட்ட முனைகள் வரிசையாகத் தலைக்கு மேல் தொங்குவது தெரியும். மேலே அறைக்குச் சென்றால், கனமான மர உருளையும் அதில் கம்பு செருகித் திருப்புவதற்கான துளைகளும், கயிறு உரசிய இடங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அந்தப் பொறியின் முன் நின்றபோது எனக்கு ஏற்பட்ட மதிப்பு, என் பணிக்காலத்தில் பார்த்த எந்தப் பெரிய இயந்திரத்தின் முன்னும் ஏற்பட்டதில்லை.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். வாயில் நடைவழியின் வளைவுக் கூரையில் வரிசையாகத் துளைகள் இருப்பது உண்மை. மேல்தளத்தில் இருப்பவர்கள் அவற்றின் வழியே கீழே சிக்கியவர்கள்மீது கல்லைப் போட்டார்கள், அம்பு எய்தார்கள், ஈட்டியால் குத்தினார்கள் என்பதும் உண்மை. எண்ணெய்தான் பொருந்தவில்லை. வட ஐரோப்பாவில் எண்ணெய் எளிதில் கிடைக்காத, விலை உயர்ந்த பொருள். முற்றுகையில் அகப்பட்ட கோட்டையிலோ ஒவ்வொரு துளி கொழுப்பும் உணவு. அதற்கு மேல், ஒரு குறுகிய அறைக்குள், மரத்தாலான கிராதிக் கதவுக்கும் கயிற்றுக்கும் பக்கத்தில், கொப்பரை கொப்பரையாக எண்ணெயைக் காய்ச்சுவது பகைவருக்குச் செய்யும் உதவியாகத்தான் முடியும். கொதிநீர், சூடேற்றிய மணல், சுண்ணாம்பு ஆகியவை பயன்பட்டதற்குச் சான்றுகள் உண்டு; எண்ணெய் அரிதிலும் அரிது. கூரைத் துளைகளுக்கு இன்னொரு பயனும் இருந்தது. மரக்கதவை உடைப்பதைவிட அதன் அடியில் விறகை அடுக்கிக் கொளுத்துவது எளிது என்பதால், அத்தீயை அணைக்க மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதற்கும் அதே துளைகள் உதவின. தங்கள் கட்டுரையில் கொதிக்கும் எண்ணெய் வந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீர் வந்திருந்தால் உண்மைக்கு நெருக்கமாக இருந்திருக்கும்.

வாயிலின்மேல் அக்காலத்தவர் வைத்த நம்பிக்கை எந்த எல்லைக்குப் போனது என்பதற்குக் கேர்னார்வன் கோட்டையின் அரச வாயில் சான்று. தூக்குப்பாலத்தைத் தாண்டி வருகிறவன் ஐந்து கதவுகளையும் ஆறு கிராதிக் கதவுகளையும் கடந்து, நடுவில் செங்கோணத்தில் திரும்பி, இரு பக்கமும் அம்புப் பிளவுகளும் தலைக்கு மேல் துளைகளும் காத்திருக்க உள்ளே போக வேண்டும் என்று திட்டமிட்டார்கள். முன்னும் பின்னும் கதவு விழுந்துவிட்டால் நடுவில் மாட்டியவன் எலிப்பொறியில் அகப்பட்ட எலிதான். அந்தத் திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. இன்று அங்கே போனால் கதவுகளுக்கும் கிராதிகளுக்கும் செதுக்கிய பள்ளங்களையும், பாதியில் நின்றுபோன சுவர்களையும்தான் காணலாம். 1295இல் தொடங்கிய பியூமாரிஸ் கோட்டையின் கதையும் அதுவே. வெளிவாயிலும் உள்வாயிலும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் விலகி நிற்பதால், வெளியே வென்றவன் உள்ளே திரும்பியாக வேண்டும்; திரும்பும்போது அவன் விலா மதிலிலுள்ள வில்லாளிகளுக்குத் திறந்துகிடக்கும். அவ்வளவு அருமையான திட்டம், ஆனால் பணம் தீர்ந்துபோனதால் உள்வாயில்கள் உரிய உயரத்தை எட்டவே இல்லை. ஓர் அரசின் கருவூலத்தை வற்றச் செய்யும் அளவுக்குச் செலவு பிடித்த உறுப்பை, கோட்டையின் பலவீனமான இடம் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் வாயில் வழியாகக் கோட்டைகள் வீழ்ந்ததே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். வீழ்ந்தன, ஆனால் பலத்தால் வீழ்ந்ததைவிடச் சூழ்ச்சியால் வீழ்ந்ததே நினைவில் நிற்கிறது. ஸ்காட்லாந்தின் லின்லித்கோவில் ஆங்கிலேயர் கையிலிருந்த அரணுக்குப் புல்கட்டு கொண்டுவருவது ஓர் உழவரின் வழக்கம். 1313இல் ஒருநாள், வண்டியில் புல்லுக்கு அடியில் ஆட்களை ஒளித்துவைத்து வந்த அவர், வண்டியைச் சரியாக வாயிலுக்குக் குறுக்கே நிறுத்தினார். காவலர்கள் கிராதியை விடுவித்தும், அது வண்டியின்மேல் விழுந்து நின்றுவிட்டது. வழி திறந்தபடியே இருக்க, அரண் கைமாறியது. தன் எடையால் விழும் கதவைத் தடுக்க முடியாது என்று மேலே சொன்னேன். தடுக்க ஒரு வழி இருந்தது என்று அந்த உழவர் கண்டுபிடித்தார். வேல்ஸின் கான்வி கோட்டையில் நடந்தது இன்னும் எளிது. 1401ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று காவற்படை தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்தபோது, வேலைக்கு வந்த தச்சர்கள் என்று சொல்லிக்கொண்டு வெல்ஷ் கிளர்ச்சியாளர்கள் வாயிலில் நின்ற இரண்டு காவலர்களைக் கொன்று உள்ளே புகுந்தார்கள். எட்டுப் பெரிய கோபுரங்கள் கொண்ட கோட்டை ஒரு வழிபாட்டு நேரத்துக்குள் பறிபோனது. கல்லும் மரமும் தம் கடமையில் தவறவில்லை. திறக்கும் வேலையையும் அடைக்கும் வேலையையும் மனிதர்கள் குழப்பிக்கொண்டார்கள்.

நகர மதில்களின் வாயில்களுக்கு வருவோம். கோட்டை வாயில் மன்னனுக்கோ பிரபுவுக்கோ உரியது; நகர வாயில் ஊராருக்கு உரியது. அங்கே திறந்திருப்பதுதான் அன்றாட வேலை. சரக்குக்குச் சுங்கம் வாங்கினார்கள். அந்தி மயங்கியதும் கதவைச் சாத்தினார்கள். அதற்குப்பின் வருகிறவர் விடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான். மேல்மாடி அறைகளைச் சும்மா வைத்திருக்காமல் வாடகைக்கு விட்டார்கள், சிறையாகவும் பயன்படுத்தினார்கள். லண்டனின் ஆல்ட்கேட் வாயிலின் மேலிருந்த வீட்டில் 1374 முதல் சில ஆண்டுகள் குடியிருந்தவர் ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர். நகராட்சி அவருக்கு எழுதிக் கொடுத்த குத்தகைப் பத்திரம் இன்றும் இருக்கிறது. அவர் இருக்கும்வரை அந்த இடத்தைச் சிறையாக்க மாட்டோம் என்று உறுதி கூறும் அதே பத்திரம், நகரைக் காக்க வேண்டிய நேரம் வந்தால் உள்ளே நுழையும் உரிமையை நகராட்சிக்கு வைத்துக்கொண்டது. 1381 ஜூனில் அப்படி ஒரு நேரம் வந்தது. வரிக் கொடுமையால் கொதித்தெழுந்த எசெக்ஸ் உழவர்கள் லண்டனுக்குள் நுழைந்தது ஆல்ட்கேட் வழியாகத்தான். வாயில் உடைக்கப்படவில்லை, திறந்தே கிடைத்தது. அந்தக் கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் கேன்டர்பரி பேராயர் சைமன் சட்பரி. அவர்தான் அதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன் கேன்டர்பரி நகரின் மேற்கு வாயிலைப் புதிதாகக் கட்டச் செய்தவர்; துப்பாக்கிக்கெனத் திறவுகோல் துளையின் வடிவில் புழைகள் வைத்துக் கட்டிய இங்கிலாந்தின் மிகப் பழைய வாயில்களில் அதுவும் ஒன்று. பீரங்கியையும் எதிர்பார்த்து ஒரு வாயிலை எழுப்பியவர், கிளர்ச்சியாளர்கள் எதிர்ப்பின்றி நுழைந்த லண்டன் டவரிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுத் தலையிழந்தார்.

ஊரார் தங்கள் வாயிலை எப்படிக் கருதினார்கள் என்பதற்கு ஜெர்மனியின் லூபெக் நகரமும் போலந்தின் கிராகோவும் நல்ல சான்றுகள். லூபெக்கின் ஹோல்ஸ்டென்டோர் 1464 முதல் 1478 வரை கட்டப்பட்ட செங்கல் வாயில். வெளிப்பக்கச் சுவரின் கனம் 3.5 மீட்டர்; நகரை நோக்கிய சுவரோ ஒரு மீட்டருக்கும் குறைவு. வாயிலைக் காக்கும் தளபதியே நகர மன்றத்துக்கு எதிராகத் திரும்பிவிட்டால், உள்ளிருந்து சுட்டு அதை விரைவாகத் தகர்த்துவிட வேண்டும் என்ற முன்யோசனையே இதற்குக் காரணம் என்கிறார்கள். சதுப்பு நிலத்தில் எழுப்பியதால் கட்டும்போதே கோபுரங்கள் அமிழ்ந்து சாய்ந்தன. அஸ்திவாரத்தோடு போராடிப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சாய்வைப் பார்க்கும்போது அந்தக் கொத்தனார்கள்மீது பரிவுதான் பிறக்கும். கிராகோவில் மதிலின் ஒவ்வொரு வாயிலையும் கோபுரத்தையும் காக்கும் பொறுப்பு ஒவ்வொரு தொழிற்குழுவுக்கு. ஃபுளோரியன் வாயில் தோல் ஆடை செய்வோருக்கு, ஒரு கோபுரம் தச்சருக்கு, இன்னொன்று மரச்சாமான் செய்வோருக்கு. 1498இல் அந்த வாயிலுக்கு முன்னால் மூன்று மீட்டருக்கு மேல் கனமுள்ள சுவரும் 130 சுடுபுழைகளும் கொண்ட வட்ட வடிவ முன்னரண் எழுப்பப்பட்டது. யார்க்கின் மிக்கிள்கேட் வாயில் மன்னர் நகருக்குள் வரும் சிறப்பு வாயிலாகவும், கலகக்காரர் என்று தண்டிக்கப்பட்டவர்களின் தலைகளைக் கம்பத்தில் செருகி வைக்கும் இடமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. 1460 டிசம்பரில் வேக்ஃபீல்ட் போரில் இறந்த யார்க் கோமகனின் தலை, காகிதக் கிரீடத்தோடு அங்கேதான் வைக்கப்பட்டது.

இத்தனை முற்றுகைகளையும் பீரங்கிகளையும் தாங்கிய வாயில்களை இறுதியில் அழித்தது எது? இதைத் தங்கள் கட்டுரை தொடவே இல்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். பெரும்பாலானவற்றை இடித்தது சொந்த ஊர் நகராட்சிதான், அதுவும் வண்டி போக இடம் போதவில்லை என்பதற்காக. லண்டன் நகராட்சி 1760-61இல் ஆல்ட்கேட், லட்கேட், கிரிப்பிள்கேட் ஆகிய வாயில்களை இடிபொருள் விலைக்கு விற்றது. சாசர் குடியிருந்த ஆல்ட்கேட் வாயில் அதற்கும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. இப்போது அந்தப் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. சவுத்தாம்ப்டனில் 1930களில் பார்கேட் வாயிலின் இரு பக்கமும் ஒட்டியிருந்த மதிலை இடித்து, வாகனங்கள் சுற்றிப் போக வழி செய்தார்கள். இன்று அது இரு கைகளையும் இழந்ததுபோல நடுவே தனித்து நிற்கிறது. யார்க் நகராட்சி 1800இலேயே மதில்களையும் வாயில்களையும் இடிக்க நாடாளுமன்றத்தின் அனுமதியைக் கோரியது. எதிர்ப்பு கிளம்பியதால் முழுத் திட்டமும் நிறைவேறவில்லை; ஆயினும் சிறு வாயில்கள் சிலவும், மூன்று பெரிய வாயில்களுக்கு முன்னால் இருந்த முன்னரண்களும் 1830களின் நடுப்பகுதிக்குள் இடிக்கப்பட்டுவிட்டன. அவ்வூரில் பிறந்த ஓவியர் வில்லியம் எட்டி உள்ளிட்ட பலர் விடாமல் வாதாடியிராவிட்டால் எஞ்சியவையும் போயிருக்கும். லூபெக்கில் ஹோல்ஸ்டென்டோரை இடிப்பதா, செப்பனிடுவதா என்ற கேள்வி 1863இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அது பிழைத்தது. பிற்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் 50 மார்க் நோட்டில் அச்சாகி, நாட்டில் ஒவ்வொருவர் பையிலும் இருந்தது அதே வாயிலின் படம். கிராகோ மதிலை இடிக்கும் முடிவு வந்தபோது, 1817இல் பேராசிரியர் ஃபெலிக்ஸ் ராட்வான்ஸ்கி, வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றை இந்தப் பகுதிதான் தடுக்கிறது என்றெல்லாம் வாதிட்டு, ஃபுளோரியன் வாயிலையும் முன்னரணையும் அவற்றை ஒட்டிய சிறு மதிலையும் காப்பாற்றினார்.

இங்கிலாந்தின் நகர வாயில்களில் முன்னரணோடு முழுமையாக நிற்பது யார்க்கின் வால்ம்கேட் பார் ஒன்றுதான். வெளியிலிருந்து வருகிறவர் முதலில் சாலையை நோக்கி நீண்ட இரண்டு சுவர்களுக்கு நடுவே, மேலே கூரையற்ற ஒரு கல் இடைகழிக்குள் நுழைவார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1644இல் நாடாளுமன்றப் படை யார்க்கை முற்றுகையிட்டபோது பட்ட குண்டுகளின் வடுக்கள் அந்தக் கல்லில் இருக்கின்றன. வாயிலின் அடியில் தோண்டப்பட்ட சுரங்கத்தை நகரத்தார் கண்டுபிடித்து முறியடித்தார்கள்; நகரம் கடைசியில் பணிந்தது, மார்ஸ்டன் மூர் போரில் அரசர் படை தோற்ற பிறகு, ஜூலை 16 அன்று, உடன்படிக்கை செய்துகொண்டுதான். இடைகழியைத் தாண்டினால் பழைய ஓக் கதவுகள். இரவில் பெரிய கதவைத் திறக்காமல் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழைவதற்கான திட்டிவாசல் அவற்றில் அப்படியே இருக்கிறது. அவற்றையும் கடந்து நகரத்துக்குள் போய்த் திரும்பிப் பார்த்தால் காட்சி மாறிவிடும். இரண்டு கல் தூண்களின்மேல் மரச்சட்டமும் பூச்சுமாக ஒரு சிறிய வீடு, முதலாம் எலிசபெத் காலத்தில் வாயிலின் முதுகோடு ஒட்டிக் கட்டியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதில் மக்கள் குடியிருந்தார்கள். வெளியே போர்முகம், உள்ளே குடித்தனம். ஹார்லெக்கில் மன்னனின் கட்டடக் கலைஞர் செய்ததை இங்கே ஊரார் தம் வசதிக்கேற்பச் செய்துகொண்டார்கள்.

ஆகவே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, எண்ணெய் பற்றிய வரியையும் வாயிலின் பலவீனம் பற்றிய வரியையும் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிட வேண்டும். தங்கள் இணைப்பை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பள்ளி மாணவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால் கேட்கிறேன். இரண்டு, கோட்டைகளைப் பற்றி மேலும் கட்டுரைகள் வெளியிடும் எண்ணம் இருந்தால், வண்ணப் புகைப்படங்களோடு ஹார்லெக் அல்லது கேர்னார்வன் வாயிலின் தரைப்படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டும். கதவு எங்கே, கிராதி எங்கே, வில்லாளி நிற்கும் பிளவு எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதைப் புகைப்படம் காட்டாது. அப்படி ஒரு தரைப்படத்தைத் தமிழ்ப் பெயர்களோடு வரைந்து தரும் பணியை, தாங்கள் விரும்பினால், கட்டணம் எதுவும் இன்றிச் செய்து தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
லீட்ஸ், இங்கிலாந்து.